இரண்டு ஷிப்டுக்கு ஒரு வண்டி

அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஓய்வு ஒழிச்சலே கிடையாது. கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையின் வாசலில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அது கை மாறும். அண்ணனுக்குப் பகல் ஷிப்ட், தம்பிக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருவார். ராத்திரி வேலை முடிந்து வெளியே வருகிற தம்பி அதே வண்டியில் ஏறி வீட்டுக்குப் போவான். சாயங்காலம் அவன் அதில் வருவான், அண்ணன் அதில் வீடு திரும்புவார். வண்டி ராத்திரி அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும், பகலில் தம்பி வீட்டு வாசலில் நிற்கும். கை மாறும்போது இன்ஜினை அணைக்கிற வழக்கமே இல்லை. ஒருத்தர் இறங்குவார், ஒருத்தர் ஏறுவார், அவ்வளவுதான்.

"ரெண்டு ஷிப்டும் பாக்கறது உங்க வண்டி ஒண்ணுதான்யா. அதுக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லுங்க" என்று வாசல் காவலாளி வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அண்ணனைத் தொழிற்சாலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளே கிடையாது. கழுகு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சூடு ஆறிய பாட்டில்கள் வரிசையாக ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் நகர்ந்து போகும். அவர் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். உள்ளே ஒரு குமிழி, கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், அடியில் ஒரு கல் துணுக்கு, எது இருந்தாலும் கை தானாக நீண்டு அந்தப் பாட்டிலைப் பிடுங்கி உடைசல் தொட்டியில் போட்டுவிடும். தம்பிக்கு உலைப் பக்கத்து வேலை. கொதிக்கிற அச்சுகளுக்கு எண்ணெய் தடவிவிட வேண்டும். "எங்க அண்ணன் காலையில தூக்கிப் போட்டு உடைக்கறதுக்காகவே நான் ராத்திரி பூரா வெந்து சாகறேன்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

வண்டியை அவர்கள் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கினார்கள். தம்பிக்கு வேலை நிரந்தரமான வருஷம் அது. வாங்கின அன்றே அண்ணன் ஒரு பங்கு வகுத்தார். முன் சக்கரத்துச் செலவு அவருடையது, பின் சக்கரத்துச் செலவு தம்பியுடையது. மூத்தவன் முன்னால், இளையவன் பின்னால், நியாயம்தானே? இரண்டு பேருக்கும் அப்போது வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பின் டயர் தேய்கிற வேகத்தில் முன் டயர் தேயாது என்பது தம்பிக்கு இரண்டாவது டயர் வாங்கும்போதுதான் உறைத்தது. யோசித்துப் பார்த்தால் செயினும் பின்னால்தான் இருக்கிறது, பல்சக்கரமும் பின்னால்தான் இருக்கிறது. "நீ என் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டேண்ணே" என்று அவன் வாசலில் நின்று கத்தியபோது, அண்ணன் முன் சக்கரத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, "பங்குன்னா பங்குதான்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கெல்லாம் வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கக் கண்ணாடிச் சண்டை வேறு இருந்தது. தம்பி நெட்டை, அண்ணன் குட்டை. காலையில் தம்பி ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை மேலே திருப்புவான். சாயங்காலம் அண்ணன் ஏறியதும் அதைக் கீழே திருப்புவார். திருப்பும்போது ஆளுக்கு ஒரு வசவு கட்டாயம் உண்டு. "ஆகாசத்தைப் பாத்துக்கிட்டா ஓட்டறே?" என்பார் இவர். "நீ என் முட்டியைப் பாத்துக்கிட்டு ஓட்டறியா?" என்பான் அவன்.

இந்த வாய்ச் சண்டைக்கு நடுவில்தான் அந்தக் குடும்பத்தின் சேதிகள் எல்லாம் கை மாறின. இன்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதால் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ரகசியம் என்று ஒன்று அவர்களுக்கு எப்படி இருக்கும்? தம்பி மனைவி உண்டாகியிருக்கிறாள் என்ற சேதியை, வெளியே தெரிய வேண்டாம் என்று அவள் தலையில் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் வந்து வண்டிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "யார்கிட்டயும் சொல்லாதேண்ணே" என்று ஆரம்பித்தான். அன்று சாயங்காலம் உள்ளே போகிற ஷிப்டும் வெளியே வருகிற ஷிப்டும் சேர்ந்து கை தட்டின. அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அந்த இரண்டு நிமிஷப் பேச்சைத் தவிர அண்ணன் தம்பிக்கு வேறு பேச்சு கிடையாது. இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் நடுவில் எப்போதோ ஒரு தையல் மிஷினை இரவல் கொடுத்து, திரும்பி வந்தபோது ஊசி உடைந்திருந்ததில் ஆரம்பித்த மனத்தாங்கல். முதலில் பேச்சு நின்றது, பிறகு போக்குவரத்து நின்றது. ஆண்கள் இரண்டு பேரும் வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருத்தர் வீட்டுப் படியை ஒருத்தர் மிதித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாசலில் வண்டி கை மாறுகிறதே, அதுதான் உறவு. காய்ச்சல் வந்தால்கூட அண்ணன் தட்டுத் தடுமாறி வண்டியைக் கொண்டுவந்துவிடுவார். கொண்டுவராவிட்டால் தம்பி வீட்டுக்குப் போக வழியில்லையே என்று மனைவியிடம் சாக்குச் சொல்வார். பஸ் என்று ஒன்று ஓடுவது அவருக்குத் தெரியாதா என்ன!

இப்போது அந்த வண்டியை விற்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. வந்தது கழுகின் கண்ணால்.

முதலில் பாட்டில்களைச் சுற்றி ஒரு புகை தெரிந்தது. வெளிச்சப் பலகையின் பல்புதான் கெட்டுவிட்டது என்று அவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். மாற்றியும் புகை போகவில்லை. ஒருநாள் விரிசல் விட்ட பாட்டில் ஒன்று அவரைத் தாண்டிப் போனது. பக்கத்து முக்காலியில் வேலை பார்க்கிற அம்மா சத்தம் போடாமல் கையை நீட்டி அதை எடுத்துத் தொட்டியில் போட்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்காமல் விட்டதுதான் அவரைக் குடைந்தது. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் தன் வரிசையையும் பார்த்து, இவர் வரிசையையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் பழையபடி தெரியும் என்றார். தொழிற்சாலையில் வருஷாந்திரக் கண் பரிசோதனை வரப் போகிறது. அதில் தவறினால் முக்காலி போய்விடும். அந்த வயசில் அவருக்குப் பெட்டி தூக்குகிற வேலையைக் கொடுப்பார்கள், அது முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். கையில் இருந்த சேமிப்பு மகள் கல்யாணத்தோடு துடைத்துப் போட்டாற்போல் போயிருந்தது.

"வண்டியை வித்துடுங்க" என்றாள் மனைவி, சுற்றி வளைக்காமல். "கண்ணு தெரியாம அதை ஓட்டிக்கிட்டுப் போறீங்களே, நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசிரு உசிரா இல்ல."

"பாதி அவனோடது."

"அவன் பாதியை அவனுக்குக் குடுங்க. உங்க தம்பி என்ன இல்லாதவரா? போனஸ் போனஸா வாங்கி முடிஞ்சு வெச்சுக்கிட்டு, தனியா ஒரு வண்டி வாங்க மனசு வராம உங்க வண்டியில காலத்தை ஓட்டறாரு. கஞ்சப் பிசினாறி."

தம்பி கஞ்சன் என்பதை அவரும் உள்ளூர நம்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது அது இல்லை. வண்டி போனால் தம்பி ஒரு பஸ்ஸில் போவான், இவர் ஒரு பஸ்ஸில் வருவார். வாசலில் கொடுக்கவும் வாங்கவும் எதுவும் இருக்காது. காரணம் இல்லாமல் நிற்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது. அவனை அப்புறம் பார்ப்பது எப்போது, கல்யாணத்திலா கருமாதியிலா? மனைவியிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். சொல்லாமல் மென்று முழுங்கினார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தன் பாதியை மட்டும் விற்றுவிட்டால் என்ன? தம்பியின் பாதி தம்பிக்கே இருக்கட்டும். வாங்குகிறவன் ஒரு நேரத்துக்கு ஓட்டட்டும், தம்பி ஒரு நேரத்துக்கு ஓட்டட்டும். வண்டி வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும், தம்பியும் வந்துகொண்டே இருப்பான், ஏதாவது சாக்கில் இவரும் போய் நிற்கலாம். இத்தனை வருஷம் பங்கு வண்டியில் ஓடிய மனுஷனுக்கு இது பெரிய புத்திசாலித்தனமாகவே பட்டது. வேறு யாருக்காவது இப்படித் தோன்றுமா சொல்லுங்கள்!

தொழிற்சாலை வாசலுக்கு எதிரில் ஒரு சலூன் இருந்தது. சலூன்காரருக்குப் பழைய வண்டி என்றால் கிறுக்கு. இந்த வண்டியின் மேல் அவர் கண் வைத்தே பல வருஷம் ஆகிறது. அண்ணன் அன்று சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே வெளியே வந்தார். யாரும் சந்தேகப்படக் கூடாதென்று முடி வெட்டிக்கொள்கிற சாக்கில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். சலூன்காரர் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, ஒரு பக்கக் காதுக்கு மேல் கத்தரியை ஓட்டி முடிக்கிற வரைக்கும் எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம். காதும் காதும் வெச்ச மாதிரி முடியணும். என் தம்பிக்குத் தெரியக் கூடாது."

"சொல்லு."

"வண்டியில என் பாதியை வாங்கிக்கறியா?"

கத்தரி நின்றது. சலூன்காரர் கண்ணாடிக்குள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சீப்பையும் கத்தரியையும் பலகையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"என்னய்யா சிரிக்கறே?"

"காலையில ஒருத்தன் வந்தான்யா. ராத்திரி ஷிப்ட் முடிச்ச கையோட, இதே நாற்காலி. 'பின் சக்கரம் என்னோடது. அதை உங்களுக்குக் குடுத்துடறேன். எங்கண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னான். இப்ப நீ முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கே. யோவ், ரெண்டையும் சேர்த்தா எனக்கு முழு வண்டியே வந்துடுச்சேய்யா!"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன் எதுக்கு விக்கணும்?" என்றார். அவனுக்கு என்ன கஷ்டம்? பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? வாசலில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இவர் எழுந்திருக்கப் பார்த்த நேரத்தில் வெளியே பழகின அந்த வண்டிச் சத்தம் கேட்டது.

தம்பி அன்று கொஞ்சம் முன்னதாகவே வந்து காவலாளியிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். அண்ணன் அப்போதே வெளியே வந்துவிட்டதைச் சொல்லிக் காவலாளி சலூனைக் கை காட்டியிருக்கிறார். வண்டியைக் கொண்டுவந்து சலூன் முன்னால் நிறுத்தி, அணைத்துவிட்டு உள்ளே வந்தான். அண்ணன் கழுத்தில் துணியோடும் பாதி வெட்டின தலையோடும் பேந்தப் பேந்த விழித்தார்.

"என்னண்ணே, ஷிப்ட் நேரத்துல முடி வெட்டிக்கறே?"

"உனக்கு என்னடா கஷ்டம்? எதுக்கு உன் பாதியை விக்கப் பாத்தே?"

தம்பி சலூன்காரரை முறைத்தான். சலூன்காரர் கையை விரித்தார். "என்னை எதுக்கு முறைக்கறே? உங்கண்ணனும் அவர் பாதியை விக்கத்தான் வந்திருக்காரு. ரெண்டு பேரு ரகசியத்தையும் நான் ஒருத்தன் எத்தனை நேரம்தான்யா வயித்துல வெச்சுக்கறது?"

தம்பி சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "எனக்கு ஒரு கஷ்டமும் இல்லண்ணே. உன் கண்ணுக்குத்தான்."

"என் கண்ணுக்கென்ன?"

"பூசி மெழுகாதே. ஆறு மாசமா பக்கக் கண்ணாடி நான் வெச்ச இடத்துலயே இருக்கு. ஒரு நாளாவது கீழ திருப்பினியா? திட்டறதுக்காகவாவது திருப்புவேன்னு நானும் தினம் பாக்கறேன். அதுல ஒண்ணும் தெரியலேன்னுதானே விட்டுட்டே? வண்டியோட இடது பக்கம் பூரா கீறல். கழுவறவன் நான்தானே, எனக்குத் தெரியாதா? உன் பக்கத்து முக்காலி அம்மாகிட்டப் போய்க் கேட்டேன். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாங்க."

அண்ணன் துணிக்குள் கைகளைப் பிசைந்துகொண்டார். யாருக்கும் தெரியாது என்று நினைத்து எத்தனை நாடகம் ஆடியிருந்தார்!

"என் பாதியைக் குடுத்து உன் ஆபரேஷனை முடிக்கலாம்னு பாத்தேன்" என்றான் தம்பி. "கண்ணு வந்ததும் நீ ஓட்டிக்கோ. நான் பஸ்ல போயிக்கறேன். வண்டின்னா உனக்கு உசிருன்னு தெரியும்."

"எனக்கா உசிரு? உனக்குத்தானேடா உசிரு. தினம் குளிப்பாட்டறவன் நீ."

"சரி, ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க" என்று சலூன்காரர் குறுக்கே வந்தார். "பாதி வண்டியை எவனும் வாங்கமாட்டான். நானும்தான். முழுசாக் குடுத்தா ரெண்டு கண்ணுக்கும் தாராளமாப் போதும். இப்பவே பேசி முடிச்சுக்கலாம்."

"முடிச்சுடுங்க" என்றான் தம்பி உடனே.

"வேண்டாம்" என்றார் அண்ணன்.

"ஏண்ணே?"

"வேண்டாம்னா வேண்டாம். வேற ஏதாவது வழி பாக்கலாம்."

"என்ன வழி? பரிசோதனை வரப் போகுது. முக்காலி போச்சுன்னா பெட்டி தூக்கப் போறியா? கண்ணு பெருசா வண்டி பெருசா?"

"வண்டி இல்லடா!" அண்ணன் கத்தினார். இன்ஜின் சத்தம் இல்லாமல் அவர் தம்பியிடம் அப்படிக் கத்தியதே இல்லை. "அந்த வண்டி எனக்கு எதுக்குடா? இரும்பு. வண்டி போயிடுச்சுன்னா நீ எந்த பஸ்லயோ ஏறிப் போயிடுவே. என் வீட்டுக்கு நீ வரமாட்டே, உன் வீட்டுக்கு நான் வரமுடியாது. அப்புறம் உன்னை நான் எப்படா பாப்பேன்? கண்ணு வந்து நான் யாரைப் பாக்கறது, பாட்டிலையா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பக்கமும் கண்ணாடி இருந்தது, அதில் தம்பியின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. அவன் எழுந்து நிற்பது மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. குரல்தான் வந்தது.

"மூணு போனஸ்ணே" என்றான் தம்பி. "மூணு தடவையும் தனியா ஒரு வண்டி வாங்குன்னு என் வீட்டுக்காரி உசிரை எடுத்தா. மூணு தடவையும் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி வீட்டு வேலைக்கும் பிள்ளைங்க ஃபீஸுக்கும் கரைச்சேன். கஞ்சன், கஞ்சன்னு அவளும் சொன்னா, ஊரும் சொல்லுச்சு. உன் வீட்டுலயும் சொல்லியிருப்பாங்க. பின் டயரு பூரா என் தலையில, செயினு என் தலையில. இந்தப் பங்கு வண்டியை வெச்சுக்க எனக்கென்னண்ணே பைத்தியமா? தனி வண்டி வாங்கினா வெளிய வந்தவுடனே ஏறி நேரா வீட்டுக்குப் போயிடுவேன். வாசல்ல உனக்காக எதுக்கு நிக்கணும்? நிக்கறதுக்காகத்தான்ணே வாங்கலை."

அவன் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க அவன் கோபப்பட்டான். "கண்ணு தெரியலேன்னு மறைச்சே, சரி. நான் வாசலுக்கு வர்றது வண்டிக்காகன்னு எப்படிண்ணே நெனச்சே?"

கஞ்சப் பிசினாறி என்று மனைவி சொன்னபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அண்ணனுக்கு ஞாபகம் வந்து நெஞ்சை அறுத்தது. "தப்புதான்டா" என்றார். துணிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினார். தம்பி வண்டிச் சாவியை அந்தக் கையில் வைத்தான். அவர் அதைச் சலூன்காரரிடம் கொடுத்தார்.

எந்நேரமும் வாய் ஓயாத சலூன்காரர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேசை டிராயரைத் திறக்கிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றார்.

எதிரில் ஷிப்ட் சங்கு ஊதியது. தம்பி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "முடியை முழுசா வெட்டி அனுப்புங்க. இப்படியே பஸ்ல ஏறினா கண்டக்டர் அரை டிக்கெட்தான் குடுப்பான்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினான்.

"டேய்" என்று அண்ணன் கூப்பிட்டார். அவன் திரும்பினான்.

"நாளைக்கு நான் பஸ்லதான் வரணும். எப்ப வந்து சேருவேன்னு தெரியாது." இத்தனை வருஷத்தில் தம்பியிடம் அவர் எதையும் இப்படிக் கேட்டதில்லை. "நான் வர்ற வரைக்கும் நில்லுடா. போயிடாதே."

"நிக்கறேண்ணே" என்றான் தம்பி. சொல்லிவிட்டு, உள்ளே போகிற கூட்டத்தோடு ஓடினான்.